நர்சிங் ஹோம் சுருள்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். எழுதினால்தானே தெரியும். என் போன கடிதத்துக்குப் பதில் போட உனக்கு நாலு மாதம் பிடித்தது. இந்த முறை அப்படிச் செய்யாதே, காரியம் அவசரம்.

ஆபீஸ் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கட்டடக்காரரின் மகன் அங்கே கடை போடப் போகிறாராம். ஜூன் கடைசி வரை தவணை. மேஜை நாற்காலி பெரிய விஷயமில்லை, யாராவது எடுத்துக்கொள்வார்கள். அப்பா முப்பத்தெட்டு வருஷமாகப் போட்ட கட்டடப் பிளான்களை எங்கே கொண்டுபோவது? உட்கார்ந்து எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு சுருள். பீரோவுக்குள் இருக்கிறது, பீரோ மேல் இருக்கிறது, பாத்ரூம் பரணில்கூட இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து ஆபீஸ் மாடிப்படி ஏறி இரண்டு வருஷமாகிறது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் முதல் கேள்வி சுருளெல்லாம் பத்திரமா என்பதுதான். நான் பத்திரமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் பேசினேன். மாணவர்கள் பார்ப்பதற்காக வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்பாவுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. சுருளாகக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு தாளும் தட்டையாக இருக்க வேண்டும்.

முதல் நாளே என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அப்பா பிளான் வரைந்த, ஒளி ஊடுருவுகிற ட்ரேசிங் தாள் ஒன்றை விரித்து இஸ்திரி போட்டேன். அது நெளிந்து, சுருங்கி, நடுவில் பட்டென்று பிளந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி ஒன்றின் பிளான். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

நீ பத்து வருஷமாகப் பழைய வரைபடங்களைக் காக்கிற மேப் அறையில் வேலை பார்க்கிறாய். உனக்குத் தெரியாததா? விவரமாக எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

இஸ்திரிப் பெட்டியை முதலில் வேறு யார் வீட்டிலாவது கொடுத்து வை.

பத்து வருஷத்தில் என் வேலையைப் பற்றி நீ கேட்பது இதுதான் முதல் தடவை. உடம்பைக் கேட்பாய், சாப்பாட்டைக் கேட்பாய், எப்போது கல்யாணம் என்று கேட்பாய். இதற்காகவே அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அலுவலகத்தில் தணிக்கை வந்துவிட்டதால் ஒரு வாரம் தள்ளிப்போனது.

காய்ந்த தாள் முரடு. அதை அடித்து வழிக்குக் கொண்டுவர முடியாது. முதலில் கொஞ்சம் ஈரக் காற்று காட்ட வேண்டும். மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கு. அடியில் நனைத்துப் பிழிந்த துண்டைப் போடு. அதன் மேல் கம்பித் தட்டு ஒன்றை வைத்து, அதில் சுருளை நிறுத்து. துண்டில் தாள் படவே கூடாது. மூடிவிட்டு நாலைந்து மணி நேரம் வேறு வேலையைப் பார். ட்ரேசிங் என்றால் ஒரு மணிக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும், அது ஈரத்தைச் சீக்கிரம் குடித்துவிட்டு அலை அலையாக எழும்பிக்கொள்ளும். எந்த மையில் போட்டது என்றும் பார்த்துக்கொள். ஓரத்தில் ஒரு புள்ளியை ஈரப் பஞ்சால் தொட்டுப் பார், கரைந்தால் அந்தத் தாளைத் தொட்டிக்குள் வைக்காதே.

தாள் இளகியதும், மை ஒற்றுகிற பிளாட்டிங் பேப்பர் மேல் மெதுவாக விரி. மேலே இன்னொரு பிளாட்டிங் பேப்பர், அதன் மேல் பலகை, பலகை மேல் பாரம். அரை மணியில் பிளாட்டிங் பேப்பரை மாற்று. மறுநாள் இன்னொரு முறை மாற்று. பிறகு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதே. உன்னால் முடியாத பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய ரப்பர் பேண்ட் தாளோடு ஒட்டிப்போயிருக்கும். இழுக்காதே, கத்தரியால் வெட்டி எடு. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் நான் அங்கே புறப்பட்டு வந்துவிடுவேன்.

அத்தானுக்கு என் விசாரிப்பு.

உன் தம்பி


மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

நீ வந்துவிடுவாய் என்றால் செல்லோடேப் ஒரு டஜன் வாங்கி வைக்கிறேன்.

வேலை நடக்கிறது. எழுபத்திரண்டு சுருள் முடிந்தது. வீட்டைத்தான் நீ பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள், பலகை, மேலே அப்பாவின் பழைய புத்தகங்கள். அத்தான் பத்து நாளாகத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பாரம் போதாமல் கட்டில் மெத்தைக்கு அடியிலும் எட்டுத் தாள் வைத்தேன். சொல்லாமல் வைத்தது என் தப்புதான். படுத்தவர் சரசரவென்று சத்தம் கேட்டு எலி என்று நினைத்து மெத்தையைப் புரட்டிவிட்டார். ஒன்றும் கெடவில்லை. இப்போது புரளாமல் படுக்கப் பழகிக்கொண்டார், பாவம்.

அப்பா ஆரம்பத்தில் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உலகத்தில் எல்லோரும் சுருட்டித்தான் வைக்கிறார்கள், இவள் ஒருத்திக்குத்தான் புத்தி என்று பொருமினார். பிறகு முதல் பலகையைத் தூக்கினேன். பத்தொன்பது வருஷம் சுருண்டு கிடந்த சினிமாக் கொட்டகை பிளான், நேற்றுப் போட்டது போலப் படுத்துக் கிடந்தது. அப்பா குனிந்து விரலால் கோடுகளைத் தொட்டுக்கொண்டே போனார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். மேப் அறையில் வேலை பார்க்கிற ஒருவர் என்றேன். ஆள் வேலை தெரிந்தவன் என்றார். உங்கள் மகன்தான் என்றேன்.

உடனே எழுந்துபோய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஆனால் மறுநாளிலிருந்து பிளாட்டிங் பேப்பர் மாற்றும் நேரத்தை அவர்தான் கடிகாரம் பார்த்துச் சொல்கிறார். ஒரு நிமிஷம் தவறினால் சத்தம் போடுகிறார்.

சுருள்களுக்குள் ட்ரேசிங்கோடு, அதிலிருந்து மெஷினில் நகலெடுத்த அமோனியா பிரிண்டுகளும் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றையும் அப்படியே ஒன்றாக வைத்துவிடலாமா?

உன் அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வைக்காதே. அமோனியா பிரிண்ட் தானும் பழுத்துப்போய், பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். எல்லாச் சுருளிலிருந்தும் பிரித்து எடுத்துத் தனி உறையில் போடு. பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் அதன் ட்ரேசிங்கோடு ஒத்துப் பார்த்து, எது எதனுடையது என்று உறை மேல் பென்சிலால் எழுது. பேனா வேண்டாம். உறை அமிலம் இல்லாத தாளில் இருக்க வேண்டும், பெரிய அச்சகங்களில் கேட்டால் கிடைக்கும். ஓர் உறைக்குப் பத்துத் தாளுக்கு மேல் போகாதே. தாளைத் தூக்கும்போது எதிரெதிர் மூலைகளைப் பிடி, இரண்டு பேராகத் தூக்கினால் நல்லது.

நர்சிங் ஹோம் சுருள் உன் கைக்கு வந்துவிட்டதா? நீயாக அதைப் பற்றி எழுத மாட்டாய். அதனால் நானே எழுதிவிடுகிறேன். பதினோரு வருஷத்தில் நாம் ஒருவரிடம் ஒருவர் பேசாத விஷயம் அது ஒன்றுதான்.

ஆபரேஷன் அறை வாசலுக்கு முதலில் நாலடி அகலம். நர்சிங் ஹோம் கட்டச் சொன்ன டாக்டர் கேட்டுக்கொண்டதால் அப்பா அதை ஐந்தடியாக்கி, படத்தை மாற்றாமல் ட்ரேசிங்கின் வலது மூலையில் குறிப்பு மட்டும் எழுதினார். சைட்டைப் பார்த்துக்கொண்டவன் நான். நான் நாலடிக்கே இரண்டு பக்கமும் கான்கிரீட் தூண் எழுப்பினேன். ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்த அன்று அது திரும்பவில்லை. டாக்டர் குடும்பம் மொத்தமும் நின்று பார்த்தது. தூணை உடைத்தார்கள். சைட்டுக்கு வந்த என் பிரிண்டில் அந்தக் குறிப்பு இல்லை என்று ஆபீசுக்கு வந்து சொன்னேன். அந்த பிரிண்ட் சைட்டில் தண்ணீரில் ஊறி எப்போதோ போய்விட்டது, காட்ட முடியவில்லை. அப்பா ட்ரேசிங்கைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "பாக்கத் தெரியாதவன் கட்டடம் கட்டக் கூடாது. இனி என் கண்ணுல படாதே." நீயும் அங்கேதான் இருந்தாய்.

அந்த பிரிண்டை எத்தனையோ முறை மனதில் விரித்துப் பார்த்திருக்கிறேன். தூண்கள் தெரியும், அளவுகள் தெரியும். அந்த மூலை மட்டும் நினைவுக்கே வராது. கடைசியில் நான்தான் பார்க்காமல் விட்டிருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு செங்கல்லைக்கூட யாருக்கும் வைக்கச் சொன்னதில்லை. மற்றவர்கள் போட்ட படத்தைப் பத்திரமாக வைக்கிற வேலை எனக்குப் போதும்.

அதனால் அந்தச் சுருளை மறைக்க வேண்டியதில்லை. மற்றதைப் போலவே பிரித்துத் தட்டையாக்கிக் கொடுத்துவிடு.

உன் தம்பி


ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நூற்று அறுபது முடிந்தது. உறைக்குத் தாள் கிடைத்துவிட்டது. கல்லூரியிலிருந்து இழுப்பறை அளவு கேட்டு எழுதியிருந்தார்கள், அனுப்பிவிட்டேன்.

நர்சிங் ஹோம் சுருளும் பிரித்தாயிற்று. ட்ரேசிங் நன்றாகவே இருக்கிறது.

எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

உன் அக்கா


மே 6

அன்புத் தம்பிக்கு,

எனக்கு ஜலதோஷம் இல்லை. போன கடிதத்தில் ட்ரேசிங் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் பாதிதான் எழுதினேன்.

சுருளுக்குள் ஃபைல் காப்பியும் இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், ஒவ்வொரு பிளானுக்கும் இரண்டு பிரிண்ட் எடுப்போம், ஒன்று சைட்டுக்கு, ஒன்று ஆபீசுக்கு. நீ சொன்னபடி அதைத் தனியே எடுத்து, ட்ரேசிங்கைப் பக்கத்தில் போட்டு ஒத்துப் பார்த்தேன். பிரிண்டின் வலது மூலை வெறுமையாக இருந்தது. ஒரு முக்கோணம், கோடு இல்லை, எழுத்து இல்லை. அதற்கு உள்பக்கம், அளவுப் பட்டியலின் மேல் ஏதோ கிறுக்கல் போல விழுந்திருந்தது. பழைய கறை என்றுதான் நினைத்தேன். பிறகு ட்ரேசிங்கைப் பார்த்தேன். அப்பா எழுதிய குறிப்புக்குப் பக்கத்திலேயே குறுக்காக ஒரு மடிப்புத் தடம்.

முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து பிரிண்ட் மேல் வைத்தேன். கிறுக்கல் எழுத்தாகிவிட்டது. ஆபரேஷன் அறை வாசல் ஐந்தடி. அப்பாவின் கையெழுத்து, தேதியோடு.

தம்பி, பிரிண்ட் எடுக்க மெஷினுக்குள் போகும்போது ட்ரேசிங்கின் அந்த மூலை உள்பக்கம் மடிந்து, எழுத்து திருப்பிப் போட்ட மாதிரி உள்ளே விழுந்திருக்கிறது. இரண்டு பிரிண்டும் அடுத்தடுத்து எடுத்தவை. ஒரு முறை மடிந்த மூலை மறு முறையும் மடிந்தபடிதான் போயிருக்கும். உனக்கு வந்த பிரிண்டிலும் அந்த மூலையில் ஒன்றுமே இருந்திருக்காது. நீ பார்க்காமல் விடவில்லை. நினைவுக்கு வர அங்கே எதுவும் இல்லை.

மெஷினில் தாளைத் தள்ளியவள் நான். டிராயிங் பிரிவை அப்பா என் பொறுப்பில் விட்ட முதல் மாதம் அது. அன்றைக்கு நாற்பது பிரிண்ட். அமோனியா நெடியில் கண்ணெல்லாம் எரிந்தது. சுருண்டு நின்ற மூலையைக் கையால் நீவிவிட ஒரு நொடி ஆகியிருக்கும். நான் நீவவில்லை.

இதை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. நான் கெட்டிக்காரி, அப்பாவுக்கு வலது கை என்று பதினோரு வருஷமாக எல்லோரிடமும் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதத் தைரியம் வரவில்லை. தப்பு என்னுடையது. அது உனக்குத் தெரிய வேண்டும்.

உன் அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை நேரத்தில் பிரித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, ஏன் என்று தெரியவில்லை. பிறகு திறந்திருந்த இழுப்பறைகளை எல்லாம் மூடிவிட்டு லீவு சொல்லிக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மூலை மடிவது பெரிய குற்றமில்லை. என் அறையில் தினமும் யாராவது ஒருவர் கையில் ஒரு மூலை மடிகிறது. நானும் மடித்திருக்கிறேன். இதற்காக நீ ராப்பகலாக அழுதுகொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் இரண்டு விஷயம். அப்பாவிடம் சொன்னாயா? கடிதத்தில் அது இல்லை. இன்னும் சொல்லவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் போய்ச் சொல்.

இன்னொன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் பதில் எழுது. அப்பா என் முகத்துக்கு நேரே ட்ரேசிங்கைப் பிடித்தபோது ஃபைல் காப்பியும் அதே சுருளில்தான் இருந்திருக்கும். நான் போன பிறகு அதை மறுபடி சுருட்டி வைத்தது நீதான், சுருட்டுவது எப்போதும் உன் வேலை. அன்றைக்கு அந்த ஃபைல் காப்பியைப் பார்த்தாயா?

உன் தம்பி


மே 28

அன்புத் தம்பிக்கு,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ட்ரேசிங்கையும் பிரிண்டையும் பலகையோடு கொண்டுபோய் மடியில் வைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். தானே சரித்துச் சரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பிரிண்ட் நீதானே எடுத்தே?"

ஆமாம் என்றேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"இல்லைன்னு அவன் சொன்னான். ரெண்டு தடவ சொன்னான். நான்தான் கேக்கல."

அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் அத்தானைக் கூப்பிட்டு, உனக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று விசாரித்தாராம். என்னிடம் கேட்கவில்லை. என்னிடம் பேசுகிறார், ஆனால் அளந்துதான் பேசுகிறார். அது நியாயம்தான்.

இனி உன் கேள்வி. பார்க்கவில்லை. அதோடு நிறுத்திவிட்டால் நீ நம்பிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் முழுவதும் சொல்கிறேன்.

என் பிரிண்டில் இல்லை என்று நீ சொன்னாயே, அந்த நொடியிலேயே எனக்கு ஒரு மூலை படியாமல் மெஷின் வாயில் மல்லுக்கு நின்றது ஞாபகம் வந்தது. எந்தப் பிளான் என்று நிச்சயமில்லை. நீ வெளியே போன பிறகு அப்பாவும் போய்விட்டார். ட்ரேசிங்கையும் ஃபைல் காப்பியையும் சேர்த்துச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். போட்ட பிறகு, பார்த்துவிடலாம் என்று அதற்கு அடியில் விரலை விட்டேன். நீ அப்போது தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாய். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். அப்பா பிரிவை என்னிடமிருந்து எடுத்துவிடுவார் என்று பயம். விரலை எடுத்துவிட்டு ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்றி, சுருளைப் பீரோ மேல் சுவரோரமாகத் தள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகு பீரோ மேல் எத்தனை முறை தூசி தட்டியிருப்பேன். அம்மா இறந்துபோன வருஷம் ஒரு நாள் அதைக் கையில்கூட எடுத்தேன். உனக்குத் தந்தி கொடுத்தும் நீ வரவில்லையே என்று அப்பா திட்டிக்கொண்டிருந்த நேரம். இனி பார்த்து என்ன ஆகப்போகிறது என்று மறுபடி வைத்துவிட்டேன். எனக்குத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரியாதுதான். தெரிந்துவிடக் கூடாது என்று நான்தான் பார்த்துக்கொண்டேன்.

இவ்வளவுதான். ஒளிக்க வேறு எதுவும் இல்லை.

உன் அக்கா


ஜூன் 9

அக்கா,

நேராகக் கேட்டேன், நேராகச் சொன்னாய். நீ எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

அம்மா போனபோது நான் வரவில்லை என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். வந்தேன். தந்தி கிடைத்ததும் ரயிலேறி மறுநாள் காலை ஸ்டேஷனில் இறங்கினேன். கண்ணில் படாதே என்று சொன்னவர் வாசலில் நிற்பார், அம்மாவை வைத்துக்கொண்டு சண்டை வேண்டாம் என்று பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று கணக்குப் போட்டு, சாயங்கால ரயிலில் திரும்பிவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு தாள் மடிந்ததால் அப்படி ஆனது என்றால் நான் தாங்கிக்கொள்வேன். தாள் மடியும். நீ ஒரு ரப்பர் பேண்டைக் கழற்றாததால் ஆனது என்றால், அதை நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபமில்லை என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். கோபம்தான். அப்போது உனக்கு இருபத்தெட்டு வயது, பயந்துவிட்டாய், அது எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறைவதாகத் தெரியவில்லை.

மிச்ச வேலைக்குத் தேவையானதை எழுதிவிடுகிறேன். இழுப்பறைகளில் அடித்தட்டைக் காலியாக விடச் சொல், தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அதுதான். லாரியில் உறைகளைப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த பிரிண்டையும் ட்ரேசிங்கையும் கல்லூரிக்குக் கொடுக்காதே. இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் வைத்து, நாலு பக்கமும் கட்டி, எனக்கு அனுப்பு.

இதற்குப் பதில் போட வேண்டாம். எனக்கு எழுதத் தோன்றும்போது நானே எழுதுகிறேன். எப்போது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அப்பாவிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு ஃபோன் செய்கிறேன். நீ பக்கத்தில் இருந்தாலும் அவரே எடுக்கட்டும்.

தம்பி